4-எச்
அமெரிக்க ஊர்ப்புறங்களில் வேர்விட்ட இளையோர் இயக்கம். தலை, நெஞ்சம், கை, உடல்நலம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் நான்கும் ‘எச்’ எழுத்தில் தொடங்குவதால் இந்தப் பெயர். சின்னம், நான்கு இலைப் பச்சைக் குளோவர்.

1902-இல் ஒஹாயோ மாநிலத்தின் கிளார்க் கவுன்டியில், பள்ளிக் கண்காணிப்பாளர் ஏ. பி. கிரகாம் சிறுவர் சிறுமியரைக் கூட்டித் தொடங்கிய மன்றமே இதன் விதை. லிட்மஸ் தாளால் மண்ணைச் சோதிப்பதும் மக்காச்சோளம் பயிரிட்டுப் பார்ப்பதும்தான் பாடம். பல்கலைக்கழகம் சொன்ன புது முறைகளைப் பெரியவர்கள் லேசில் நம்பவில்லை. பிள்ளைகளின் விளைச்சலைக் கண்டபிறகே இறங்கிவந்தார்கள். தகப்பன்சாமிகள்!

1910-இல் தென் கரோலினாவின் ஐக்கன் பகுதியில் ஆசிரியை மேரி குரோமர் தொடங்கிய தக்காளி மன்றத்தில், சிறுமியர் ஆளுக்குப் பத்து சென்ட் நிலத்தில் பயிரிட்டு, பழத்தை டப்பாவில் அடைத்து விற்றனர்.

1914-இன் ஸ்மித்–லீவர் சட்டம் இத்தகைய மன்றங்களை வேளாண் விரிவாக்கப் பணியோடு இணைத்தது. தலைவர், செயலர், பொருளாளர் பொறுப்புகள் இன்றும் பிள்ளைகளிடமே.