பாஷாணம் என்னும் சொல்: தென்காசி, குற்றால வட்டாரத்துக் கல்லும் கனிமச் சட்டமும்

குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர்க்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலம் அளித்தார் என்பதும், அந்நிலம் 'குறவஞ்சி மேடு' என வழங்கலாயிற்று என்பதும் இலக்கிய வரலாறு பயின்றோர் அறிந்தவை. பாட்டுக்குப் பரிசிலாக நிலம் கிடைத்தது. ஆனால் நிலம் என்றால் என்ன? உழுபடும் மேற்பரப்பு மட்டுமா? அதன் அடியிற் கிடக்கும் கல்லும் நீரும் நிலத்தின் பாற்பட்டனவா? இலக்கிய மாணவர் இவ்வினாவை எழுப்புவதில்லை. அது வழக்கறிஞர்க்கு உரியது என்று விட்டுவிடுகின்றனர். எனினும், இவ்வினாவுக்குரிய பழைய விடை தமிழ்ச் சாசனச் சொற்களிலேயே பொதிந்து கிடத்தலின், சொல்லாராய்ச்சி செய்வார்க்கும் இதில் பங்கு உண்டு. அப்பங்கினைச் செலுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாசனச் சொற்கள்

சோழ, பாண்டியர் காலத்துக் கொடைச் சாசனங்கள் நிலத்தை அளிக்கும்போது அதன் எல்லையைத் திசைதோறும் கூறுவதோடு அமைவதில்லை. 'மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும்' என்று நிலத்தின் உயரத்தையும் ஆழத்தையும் சேர்த்தே கூறுகின்றன. 'உடும்போடி ஆமை தவழ்ந்தது' என்னும் தொடரால் புன்செய், நன்செய் இரண்டும் அடங்கும்படி உணர்த்துகின்றன. பிற்காலத்துச் சாசனங்களிலும் விலை ஆவணங்களிலும் வேறொரு வாய்பாடு பெருகிக் காணப்படுகின்றது. அதுவே அஷ்டபோகம் எனப்படும் எண்வகை நுகர்ச்சி. நிதி, நிட்சேபம், சலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்பன அவ்வெட்டு. இப்பட்டியல் சிற்சில இடங்களில் வேறுபடுதலும் உண்டு. ஆயினும் பாஷாணம் அதில் நீங்காது நிற்கும் சொற்களுள் ஒன்று.

பாஷாணம் என்பது வடசொல். கல் என்பது அதன் பொருள். மருத்துவ நூல்களில் அது நஞ்சாகிய தாதுப்பொருளைக் குறிக்கும். மக்கள் வழக்கில் நஞ்சு என்ற பொருளே மிகுதி. ஆவணத்திலோ அது நிலத்திற் கிடக்கும் கல்வளத்தைச் சுட்டுகின்றது. எனவே, நிலத்தை விற்றவன் கல்லையும் சேர்த்தே விற்றான். கொண்டவன் கல்லையும் சேர்த்தே கொண்டான் என்பது இவ்வாய்பாட்டால் பெறப்படும்.

ஈண்டு நோக்கத்தக்கது மற்றொன்று உளது. கல் தனித்து நிற்கவில்லை. அதற்கு முன்னே சலமாகிய நீர் நிற்கின்றது. பின்னே குன்றாது நிலைப்பதாகிய அட்சிணியும், இனி வருவதாகிய ஆகாமியும் நிற்கின்றன. ஒருவர் கையில் எட்டும் ஒருங்கே சென்றன. இவ்வொருமை பின்னர் எவ்வாறு சிதைந்தது என்பதை இனிக் காண்போம்.

கும்பினி ஆட்சி முதல் ஜமீன் ஒழிப்பு வரை

1801ஆம் ஆண்டில் கருநாடக நவாபிடமிருந்து நெல்லைச் சீமையின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினிக்கு வந்தது. அடுத்த ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் நிலையான வரியமைப்பை வகுத்தது. பாளையங்கள் ஜமீன்களாயின. இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள சிவகிரியும் ஊற்றுமலையும் அவ்வகையின. ஏனைய ஊர்களில் குடியானவரிடமே அரசு நேரே வரி பெறும் இரயத்துவாரி முறை பரவிற்று. கோயில்கட்கும் தனியார்க்கும் விடப்பட்ட இனாம் நிலங்கள் மூன்றாவது வகை. செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக, பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியாக இருந்தது. ஆகவே, ஒரே மலையடிவாரத்தில், சில கல் தொலைவுக்குள், நிலவுரிமை நான்கு வகையாக எழுதப்பட்டிருந்தது எனலாம்.

அடிநில உரிமை பற்றிய பெருவழக்குகள் முதலில் எழுந்தது நம் நாட்டுப் பகுதியில் அன்று. நிலக்கரி மிகுந்த வங்காள, பீகார்ப் பகுதிகளிலேயாம். அங்கே ஜமீன்தார் ஒருவர் நிலையான குத்தகைக்கு நிலத்தை விடும்போது 'சகல உரிமைகளுடன்' என்னும் பொருள்படும் பாரசீகத் தொடரை எழுதிக் கொடுத்திருந்தார். அத்தொடர் நிலக்கரியையும் உள்ளடக்குமா என்பது வழக்கு. அடக்காது என்று 1917ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. கனிமத்தைக் கொடுப்பதாயின் வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். பொதுச்சொல் போதாது என்பது அதன் கருத்து.

இத்தீர்ப்பைத் தமிழ் ஆவண வழக்கோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். நம் ஆவணம் எழுதியோர் பொதுச்சொல்லால் அமையவில்லை. பாஷாணம் என்று பெயர் சொல்லியே எழுதினர். வாய்பாடு என்று நாம் தள்ளிவிடும் சொற்களுக்குச் சட்ட வலிமை இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. அதன் மூன்றாம் பிரிவு, அரசைச் சாரும் பொருள்களை எண்ணுமிடத்துக் காடுகளோடு சுரங்கங்களையும் கனிமங்களையும் கற்குவாரிகளையும் எடுத்தெண்ணியது. அவ்வாறு எடுத்தெண்ண வேண்டியிருந்தமையின், அதற்கு முன் அவை ஜமீன்தாரிடம் இருந்திருத்தல் கூடும் என்று கருதினர் என்பது உய்த்துணரப்படும். சிவகிரி, ஊற்றுமலை போன்ற ஜமீன் பகுதிகளில் பாஷாண உரிமை அரசின் கைக்கு வந்த வழி இதுவே.

'சிறு' என்னும் அடைமொழி

1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் 1958 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இரும்பு, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் முதலியவற்றின் கட்டுப்பாட்டை அது நடுவணரசின் மேற்பார்வையிற் கொணர்ந்தது. கட்டடக்கல், சரளை, சாதாரணக் களிமண், சாதாரண மணல் ஆகியவற்றைச் 'சிறு கனிமம்' எனப் பெயரிட்டு, அவற்றுக்கு விதி வகுக்கும் பொறுப்பை 15ஆம் பிரிவினால் மாநிலங்கட்கு விட்டது. அதன்படி எழுந்தனவே 1959ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகள். 2015 பிப்பிரவரியில் மேலும் 31 கனிமங்கள் சிறு கனிமங்களாக அறிவிக்கப்பட்டன.

பொன்னும் கரியும் பெரியன. கல்லும் மணலும் சிறியன. நாட்டின் கணக்கில் இஃது ஒக்கும். தென்காசி வட்டாரத்தின் கணக்கிலோ ஒவ்வாது. இங்கே தோண்டப்படும் பெரும்பொருள் பாறையே. உடைகல்லும் சல்லியும் எம்-சாண்டு எனப்படும் அரைத்த மணலும் இவ்வட்டாரத்திலிருந்து நடைச்சீட்டோடு புளியரை வழியாக மலை கடந்து கேரளத்திற்குச் செல்கின்றன. சட்டம் சிறிதென்று பெயரிட்டது இவ்வூர்க்குப் பெரிது.

கல்லை வெளிமாநிலம் செல்லவிடாது தடுத்தல் வேண்டும் என்னும் குரல் இவ்வட்டாரத்தில் பலகால் எழுந்துள்ளது. அக்குரலின் நியாயத்தை நாம் உணர்கின்றோம். ஆயினும் சட்டநிலை எளிதன்று. நாட்டுக்குள் வாணிகம் தடையின்றி நடைபெற வேண்டும் என்பது அரசமைப்பின் 301ஆம் உறுப்பு. குசராத்து அரசு மணலை மாநிலத்திற்கு வெளியே கொண்டு செல்லத் தடை விதித்த விதி செல்லாது என 2019ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, எல்லையில் வண்டியை மறிப்பதைக் காட்டிலும், எவ்வளவு கல்லை எவ்விடத்தில் எடுக்கலாம் என்று வரையறுப்பதே மாநிலத்தின் கையிலுள்ள வலிய கருவி. 1981ஆம் ஆண்டில், கருங்கல் எனப்படும் கறுப்புக் கிரானைட்டைத் தனியார்க்குக் குத்தகைக்கு விடாது அரசு நிறுவனமே எடுக்கலாம் என்ற தமிழ்நாட்டு விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டமை இவ்வதிகாரத்தின் அகலத்தைக் காட்டும்.

மேல்வாரமா, சாமிபோகமா?

கல்லை எடுப்பவர் செலுத்தும் உரிமைத்தொகை எத்தன்மையது? நெல்லைச் சீமையின் பழைய நிலவழக்கில் இரு சொற்கள் உள்ளன. விளைவில் ஆள்வோர் பெறும் பங்கு மேல்வாரம். நிலமுடையவர் தம் உடைமை கருதிப் பெறுவது சாமிபோகம். முன்னையது வரியை ஒத்தது. பின்னையது வாடகையை ஒத்தது.

1989 அக்டோபர் 25இல் எழுவர் அடங்கிய உச்ச நீதிமன்ற ஆயம் இவ்வினாவை எதிர்கொண்டது. நெல்லையை அடுத்த தாழையூத்தில் முதல் ஆலையை நிறுவிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம், சுண்ணாம்புக்கல் உரிமைத்தொகையின் மீது 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிச் சட்டப்படி விதிக்கப்பட்ட மேல்வரியை எதிர்த்து அவ்வழக்கைத் தொடுத்திருந்தது. உரிமைத்தொகை ஒரு வரியே. அதன்மேல் மாநிலம் மேலும் விதித்தல் இயலாது என்பது தீர்ப்பு. நம் சொல்லில் கூறுவதாயின், நீதிமன்றம் அதனை மேல்வாரமாகக் கண்டது. அதனால் ஊராட்சிக்கென விதிக்கப்பட்ட பங்கு ஒன்று வீழ்ந்தது.

முப்பத்தைந்து ஆண்டுகட்குப் பின், 2024 சூலை 25இல், ஒன்பதின்மர் ஆயம் எண்மர்க்கு ஒருவர் என்ற கணக்கில் அத்தீர்ப்பை மாற்றியது. உரிமைத்தொகை வரியன்று, கனிமத்தை எடுக்கும் உரிமைக்காகக் குத்தகைதாரர் குத்தகை விடுவோர்க்குச் செலுத்தும் ஈடு என்றது. இது சாமிபோகம் என்னும் கருத்தோடு ஒத்துச் செல்கின்றது. கனிமமுள்ள நிலத்திற்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலத்திற்கு உண்டு என்பதும் அத்தீர்ப்பால் உறுதியாயிற்று. தமிழ்நாட்டில் கனிமவள நிலவரிச் சட்டம் 2025 ஏப்பிரல் 4 முதல் நடைமுறைக்கு வந்தது.

சாமிபோகம் எனின், 'சாமி' யார் என்னும் வினா எழும். மலபார் நிலவுடைமையாளர் சிலர் தொடுத்த வழக்கில் 2013 சூலையில் உச்ச நீதிமன்றம் கூறிய விடை கருதத்தக்கது. அடிநிலக் கனிமம் முழுதும் அரசுக்கே உரியது என்று கூறும் பொதுச்சட்டம் நாட்டில் இல்லை. சட்ட வழியில் பறிக்கப்படாதவரை அது நிலமுடையவரையே சாரும் என்பது அது. அத்தீர்ப்பு மலபாரின் சன்ம நிலம் பற்றியது. மலபாரும் பழைய சென்னை மாகாணத்துப் பகுதியே ஆதலின், அதன் காரணங்கள் பிற இரயத்துவாரி நிலங்களை நோக்குவார்க்கும் பயன்படுவன. பாஷாணம் நிலமுடையவனுடையது என எழுதிய பழைய ஆவணக்காரர் கருத்துக்கு அஃது அணித்தாக வந்து நிற்கின்றது.

கல்லும் நீரும்

இதுகாறும் கூறிய வழக்குகள் யாவும் ஒன்றையே வினவின: கல்லின் விலை யாருக்கு? கல் இருந்த இடத்திலேயே இருத்தல் வேண்டுமா என்னும் வினா மிகப் பிந்தியே எழுந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் ஒதுக்கப்பட்ட காட்டினுள் கல்லுடைத்தலைத் தடுத்தது உண்மை. ஆயினும் காட்டெல்லைக்கு வெளியே ஐந்து எக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைகட்கும் சுற்றுச்சூழல் இசைவு வேண்டும் என்பது 2012 பிப்பிரவரியில் உச்ச நீதிமன்ற ஆணையால்தான் உறுதியாயிற்று. தமிழ்நாட்டு அரசு 2021 நவம்பரில், ஒதுக்கப்பட்ட காடுகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதி செய்தது. 2022 திசம்பரில் அவ்விதியினின்றும் ஒதுக்கப்பட்ட காடுகள் நீக்கப்பட்டன. பதின்மூன்று திங்கள் நின்ற வேலி அது.

குற்றாலத்தை அறிந்தோர்க்கு அவ்வேலியின் பொருள் விளங்கும். சிற்றாறு அம்மலையில் தோன்றி அருவியாய் வீழ்ந்து, தென்காசியைக் கடந்து குளங்களை நிரப்பிப் பொருநையிற் கலக்கின்றது. காட்டுக்கோடு வரைபடத்தில் முடிகின்றது; நீரோ அங்கே முடிவதில்லை. ஆயினும் இன்று கல்லைக் கணக்கிடுவது புவியியல் மற்றும் சுரங்கத் துறை; நீரைக் கணக்கிடுவது நீர்வளத் துறை; மரத்தைக் கணக்கிடுவது வனத்துறை. சலமும் பாஷாணமும் ஒரே வரியில் நின்ற ஆவணம் மூன்று கோப்புகளாகப் பிரிந்துவிட்டது.

பயன்கொள்ளும் உரிமையிலும் இதனைக் காணலாம். குளத்து வண்டலை உழவரும் களிமண்ணை மட்பாண்டம் செய்வோரும் கட்டணமின்றி எடுக்கச் சிறு கனிம விதிகள் இடந்தருகின்றன. அவ்விசைவை வட்டாட்சியரே அளிக்குமாறு 2024 சூனில் எளிதாக்கப்பட்டது. இது நல்ல ஏற்பாடு. வண்டல் ஆண்டுதோறும் நீரோடு வரும். எடுக்க எடுக்கக் குளம் ஆழமாகும். ஆகாமி என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. பாறையோ மீண்டும் வருவதன்று. இரண்டையும் 'சிறு கனிமம்' என்னும் ஒரே பெயரால் வழங்குதல் சொல்லின் குறை மட்டுமன்று, கருத்தின் குறையுமாகும்.

முடிபு

பழைய சாசனமுறை குற்றமற்றது என்பது எம் கருத்தன்று. எட்டு நுகர்ச்சியும் கொடைபெற்றார்க்கே சென்றன. நிலத்தில் உழைத்தார் பெயர் அவ்வாய்பாட்டில் இல்லை. குறவஞ்சியில் வரும் குறத்தி குற்றால மலையைத் தங்கள் மலை என்று வளம் பாடுகின்றாள். அவள் பாடிய உரிமை எவ்வாவணத்திலும் ஏறவில்லை. எனினும், நிலத்தைக் கல் வேறு, நீர் வேறு, நாளை வேறு எனப் பிரித்துக் காணாத பார்வை அவ்வெட்டுச் சொற்களில் இருந்தது. அப்பார்வை குவாரிக் குத்தகை ஒப்பந்தத்துள் மீண்டும் இடம்பெறல் வேண்டும். கல்லின் அளவோடு, அக்கல்லை நம்பிய ஊற்றும் ஓடையும் குளமும் அவ்வொப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதப்படுமாயின், வழக்கு வருங்கால் அவை வாய்பேசும்.

தமிழ்த்துறையினர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. தென்காசி, செங்கோட்டை, சிவகிரிப் பகுதிகளில் கோயில்களிலும் பழங்குடும்பங்களிலும் எஞ்சியுள்ள ஓலை ஆவணங்களையும் பழைய விலைப்பத்திரங்களையும் தொகுத்து, பாஷாணம் என்னும் சொல் எங்கெங்கு வருகின்றது, எங்கெங்கு விடுபடுகின்றது என்று ஆராய்தல் வேண்டும். தென்காசிப் பெருங்கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பின்வரும் காலத்தில் அதனைக் காப்போரை வணங்குவதாகக் கல்லிற் பொறித்து வைத்தான். பொறித்த கல்லைப் படித்துக் காத்தோம். பொறிக்கப்படாத கல்லையும் காக்கும் முறையை ஆராய்வது நம் காலத்துப் பணி.