அறிக்கை வேறு, நீதி வேறு
நம் வண்ணாரப்பேட்டைக்குத் தெற்கே, சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்திருந்த பழைய மத்தியச் சிறையில், 1976 பிப்ரவரியில் மிசா கைதிகள் கடுமையாகத் தாக்கப்பட்டனர். அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் உயிரிழந்தார்.

நெருக்கடிநிலை நீங்கியபின், நாகூரில் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமையில் அமைந்த ஆணையம் அக்கொடுமைகளை விசாரித்துப் பதிவு செய்தது. ஆனால் விசாரணை ஆணையம் உண்மையை உரைக்கலாம், தண்டிக்க இயலாது. தண்டிக்க நீதிமன்ற வழக்கு வேண்டும். உயர் அதிகாரிகள்மீது அதைத் தொடர அரசின் முன்னனுமதியும் வேண்டும்.

ஓய்வு பெற்றோரை ஏன் இழுக்க வேண்டும் என்பர் சிலர். பதவிக்காலச் செயலுக்கு முன்னனுமதி என்னும் காப்பு ஓய்வுக்குப் பின்னும் நீடிக்கிறதே. பொறுப்பு மட்டும் எப்படி நீங்கும்? தம்மைச் சார்ந்தோருக்கு எதிராயினும் நீதியில் நிலைத்திருக்கக் கற்பிக்கிறது திருக்குர்ஆன் (4:135). அரசு தன் அதிகாரிகளையும் அந்த அளவுகோலாலேயே அளக்க வேண்டும்.