கிரயப் பத்திரத்தில் இல்லாத கையெழுத்து



புதுசா எழுந்து வருகிற ஒரு வல்லரசு வடதுருவத்தில் கால் வைத்தால், அந்தப் பகுதியின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது வல்லரசின் பலமா, அங்கே வாழ்கிற மக்களின் சம்மதமா? இதுதான் தலைப்பு. நான் சம்மதத்தின் பக்கம்.

எதிரணி நண்பர் கேட்டார்: "தஞ்சாவூர்க்காரனுக்கு ஐஸுன்னா தெருவில வர்ற ஐஸ் வண்டிதான் தெரியும். துருவத்துக்கும் காவிரிக்கும் என்னய்யா சம்பந்தம்?" (சிரிப்பு)

சம்பந்தம் இருக்குங்க. நானூறு வருஷத்துச் சம்பந்தம்!

டென்மார்க் நாட்டு ராஜா நான்காம் கிறிஸ்டியனுக்கு நம்ம பக்கத்து மிளகு மேலே ஆசை. 1618-ல் சில கப்பல்களை ஆப்பிரிக்காவைச் சுற்றி அனுப்பினார். 1619-ல் யென்ஸ் முங்க் என்ற மாலுமியிடம் இரண்டு கப்பலைக் கொடுத்து, "வடக்கே பனிக்கடல் வழியா கிழக்கே போக வழி இருக்கா, பாரு" என்று அனுப்பினார். முதல் கூட்டம் நம்ம கரைக்கு வந்து சேர்ந்தது. 1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் ஒப்பந்தம் போட்டு, தரங்கம்பாடியில் கோட்டை கட்ட இடம் விட்டார். இரண்டாவது கூட்டம் கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் பனிக்காலத்தில் மாட்டிக்கொண்டது. போனவர்கள் அறுபது பேருக்கு மேல். குளிருக்கும் நோய்க்கும் தப்பி, அதே 1620-ல் திரும்பியவர்கள் மூன்றே மூன்று பேர். ஒரே ராஜாதான், ஒரு கையைத் தஞ்சாவூருக்கு நீட்டினார், இன்னொரு கையைத் துருவத்துக்கு நீட்டினார்.

அப்புறம் என்ன ஆச்சு? பிரிட்டன் வளர்ந்தது, டென்மார்க் தேய்ந்தது. 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குக் கும்பினிக்கு விற்றுவிட்டார்கள். விற்றவன் கையெழுத்து இருக்கு, வாங்கினவன் கையெழுத்து இருக்கு. தரங்கம்பாடி மீனவனுடைய கைநாட்டு இருக்கா? இல்லை! 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது. வியாபாரமும் ரயிலோடு நாகப்பட்டினம் போயிற்று. கைமாறிய ஊருக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

அடுத்து வளர்ந்தது அமெரிக்கா. 1917-ல் கரீபியன் கடலில் டென்மார்க்குக்கு இருந்த தீவுகளை இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கியது. விற்கலாமா என்று டென்மார்க்கில் ஓட்டெடுப்பு நடந்தது. தீவுக்காரர்களுக்கு அதில் ஓட்டு இல்லை! அந்தப் பேரத்தின்போதே, "கிரீன்லாந்து முழுவதும் உன்னுடையதாக இருக்கட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றும் அமெரிக்கா எழுதிக் கொடுத்தது. 1946-ல் அந்தக் கிரீன்லாந்தையே பத்துக் கோடி டாலருக்குக் கேட்டது. டென்மார்க் விற்கவில்லை. ஆனால் 1951 ஒப்பந்தப்படி தூலே என்ற இடத்தில் அமெரிக்க விமானதளம் வளர்ந்தது. 1953-ல் அங்கே வேட்டையாடி வாழ்ந்த இனுயிட் குடும்பங்களை, சாமான் கட்டக்கூட அவகாசம் தராமல், வடக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் கிளப்பி அனுப்பினார்கள்.

"இதெல்லாம் எங்க கட்சிதானே?" என்று எதிரணி சிரிக்கிறது. இருங்க. கதை அங்கேயே நிற்கவில்லை.

இன்றைக்கு எழுந்து நிற்பது சீனா. 2013-ல் இந்தியாவோடு சேர்ந்து ஆர்க்டிக் கவுன்சிலில் பார்வையாளர் ஆனது. 2018-ல் தன்னை "ஆர்க்டிக்குக்கு அருகில் உள்ள நாடு" என்று சொல்லிக்கொண்டு, பனிக்கடலில் ஒரு பட்டுப்பாதை போடப்போவதாக அறிவித்தது. ரஷ்யாவின் யமால் எரிவாயுத் திட்டத்தில் பங்கு வாங்கியது. சீனா வருகிறது என்றதும் மற்ற வல்லரசுகளுக்கும் தூக்கம் போச்சு. 2019-லும் 2025-லும் அமெரிக்க அதிபர் டிரம்ப் கிரீன்லாந்தை மறுபடியும் கேட்டார். எழுந்து வருகிறவன் எதையும் பிடிக்க வேண்டாங்க. அவன் வர்றான் என்ற பயமே மற்றவர்களை அவசரப்படுத்தும்.

ஆனால் இந்தத் தடவை ஒரு வித்தியாசம் இருக்கு. 2009 சுயாட்சிச் சட்டம் கிரீன்லாந்துக்காரர்களைத் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முடிவு செய்யும் உரிமையுள்ள மக்கள் என்று ஒப்புக்கொண்டது. கனிம வளமும் அவர்கள் அதிகாரத்துக்கு வந்தது. தெற்கே குவானெஃபெல்ட் மலையில் அரிய மண் தாதுவும் யுரேனியமும் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. அதில் சீன நிறுவனம் ஒன்று முக்கியப் பங்குதாரர். 2021 தேர்தலில் ஜனங்கள் அந்தச் சுரங்கத்தை எதிர்த்த கட்சியை ஜெயிக்க வைத்தார்கள். அந்த வருஷமே யுரேனியம் தோண்டத் தடைச்சட்டம் வந்தது. கிரீன்லாந்தின் மொத்த ஜனத்தொகை சுமார் 57,000. நம்ம பக்கத்துத் தாலுகா ஒன்றுக்குக்கூடக் காணாது! (கைதட்டல்)

இது டெல்டாக்காரனுக்குப் புரியாத விஷயமா? முன்னெல்லாம் மிராசுதார் வயலை விற்றால், அதில் உழுதவன் கதி என்ன என்று யார் கேட்டார்கள்? 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்த மாத்திரத்தில் உழுகிறவனை வெளியே தள்ள முடியாது என்றது. மிராசுதாரின் பலம் அன்றைக்கே ஒழிந்து போகவில்லை. ஆனால் உழுகிறவனைக் கேட்காமல் காரியம் நடத்துவது கஷ்டமாயிற்று. ஒரு சட்டம் செய்கிற வேலை அதுதான்.

அந்தப் பனி உருகினால் தண்ணீர் எங்கே போகும்? கடலுக்கு. கடல் உயர்ந்தால் உப்பு எங்கே ஏறும்? வேதாரண்யத்திலும் நாகப்பட்டினத்திலும் உள்ள தாழ்ந்த வயல்களில். அந்த மக்களைக் கேட்காமல் துருவத்தைப் பேரம் பேசும் வழக்கம் நிலைத்தால், நம்மையும் யாரும் கேட்கப் போவதில்லை.

ஆகவே நடுவர் அவர்களே, வல்லரசு கதவைத் தட்டலாம். திறப்பதா வேண்டாமா என்பதை வீட்டுக்காரன்தான் சொல்ல வேண்டும். தீர்மானிப்பது மக்களின் சம்மதமே என்று தீர்ப்பளிக்கும்படி கேட்டு அமர்கிறேன்.