பாஸ் மீனும் பிளாஸ்டிக் புழுவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் மீன்களுள் அந்நாட்டுத் தூண்டிற்காரரின் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது கரும்பாஸ் என்னும் மீனாகும். பெயரைக் கேட்டவுடன் இலங்கைக் களப்புகளிற் பிடிபடும் கொடுவாவின் உறவு என்று எண்ணிவிடலாகாது. கொடுவாவைக் கடற்பாஸ் என்று ஆங்கிலேயர் வழங்குவதால் எழும் மயக்கம் அது. கரும்பாஸ் வட அமெரிக்காவுக்கே உரிய நன்னீர்க் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தது. பெருவாய், சிறுவாய் என அதன் முதன்மையான இனங்கள் இரண்டு. அவ்விரண்டையும் 1802ஆம் ஆண்டில் நூலில் ஏற்றியவர் பிரெஞ்சு அறிஞர் லாசெப்பேட் ஆவார். அவருக்குக் கிடைத்த சிறுவாய் மீனின் முதுகுச் செட்டை சிதைந்திருந்தது. அதனை அறியாத அவர் 'சிறுசெட்டை' என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். ஊனமுற்ற ஒரு மீனின் அடையாளத்தை இனம் முழுவதும் இன்றுவரை சுமந்து திரிகின்றது.

இம்மீனைப் பிடிக்கும் கலை வளர்ந்த கதை வியப்புக்குரியது. அறிஞர்களோ பெருஞ்செல்வர்களோ அதை வளர்த்தாரல்லர். கைத்தொழில் வல்லவர்களே வளர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ரக்கி மாநிலத்துப் பாரிஸ் என்னும் ஊரில் மணிக்கூடு திருத்தி வாழ்ந்த ஜோர்ஜ் சினைடர், பற்சக்கரங்களை அமைத்து, கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நூல் பலமுறை சுற்றுமாறு ஓர் உருளையைச் செய்தார். பின்னர் மிச்சிகன் மாநிலத்தில் தேனீ வளர்த்த ஜேம்ஸ் ஹெடன் என்பவர், ஆலைக்குளம் ஒன்றின் கரையில் மரத்துண்டு ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தார். அதைத் தண்ணீரில் எறிந்தபோது பாஸ் ஒன்று பாய்ந்து தாக்கியது என்று சொல்லுவர். கதை எவ்வளவு மெய்யோ, மரத்திற் கடைந்து வர்ணம் பூசிய போலி இரைகள் அவருடைய தொழிற்சாலையிலிருந்து நாடெங்கும் பரவியது மெய். 1932ஆம் ஆண்டு யூன் 2ஆம் திகதி ஜோர்ஜ் பெரி என்னும் இளம் உழவர் ஜோர்ஜியா மாநிலத்து மொன்கொமரி ஏரியில் 22 இறாத்தல் 4 அவுன்சு நிறையுள்ள பாஸைப் பிடித்ததும் மர இரையாலேயே. நாடு வறுமையில் வாடிய காலம் அது. உலகச் சாதனையாகிய அம்மீன் அவர் வீட்டுச் சட்டியிற் கறியாய் முடிந்தது.

மர இரைக்கு ஒரு குறை உண்டு. பாஸ் தன் இரையைக் கடித்துப் பற்றுவதில்லை. வாயைத் திடீரென அகலத் திறந்து, தண்ணீரோடு இரையையும் உள்ளே இழுக்கின்றது. தண்ணீர் பூவின் வழியாக வெளியேற, இரை வாயிலே தங்குகின்றது. அகப்பட்டது உணவன்று என்று வாய் உணர்ந்தால், கண்ணிமைக்கும் பொழுதில் அதைத் துப்பிவிடும். மரமும் உலோகமும் வாயிற் பட்ட கணத்திலேயே பொய் வெளிப்பட்டுவிடும். இறப்பரிற் புழுச்செய்து பார்த்தவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தனர். ஆயினும் அவர்களுடைய புழு விறைப்பாயிருந்தது. நாட்பட நாட்பட இன்னும் இறுகியது. உயிருள்ள மண்புழுவின் மென்மை அதற்கு வாய்க்கவில்லை.

அந்த மென்மை பிறந்த இடம் ஒகாயோ மாநிலத்து அக்ரன் நகரம். இலங்கை, மலாயா, சுமாத்திரா முதலிய கீழைத்தேசங்களின் தோட்டங்களிலே தொழிலாளர் விடியற்பொழுதிற் பால்வெட்டி எடுத்த இறப்பர், அமெரிக்க மோட்டார்களுக்குச் சக்கரமாக உருமாறிய நகரங்களுள் தலையாயது அதுவே. அங்கே குட்ரிச் கம்பெனியிற் பணிபுரிந்த இரசாயன அறிஞர் வால்டோ சீமன், 1926ஆம் ஆண்டில் இறப்பரை உலோகத்தோடு ஒட்டுதற்கு ஒரு பசையைத் தேடினார். பயனற்றதென ஒதுக்கப்பட்டிருந்த பொலிவைனைல் குளோரைட்டைக் கொதிநிலை உயர்ந்த திரவமொன்றில் இட்டுச் சூடாக்கினார். தேடிய பசை கிடைக்கவில்லை. கிடைத்தது, வளைந்து கொடுக்கும் புதுப்பொருள். மழையங்கிக்கும் மின்கம்பிக்கும் உறையாகி உலகெங்கும் அது பரவியது. தூண்டில் முள்ளில் ஏறுவதற்குமட்டும் இன்னும் இருபதாண்டுகளுக்குமேல் காத்திருந்தது.

அதே அக்ரன் நகரில் நிக் கிரீம் என்னும் இயந்திரத் தொழிலாளி வாழ்ந்தார். மீன்பிடியில் பேரார்வம் உடையவர். 1949ஆம் ஆண்டில் அவரும் மனைவி கொஸ்மாவும் தம் வீட்டு அடுக்களையிலே ஒரு சோதனையைத் தொடங்கினர். மெய்யான மண்புழுவைக் கொண்டு அச்சு எடுத்தனர். வைனைலையும் எண்ணெய்களையும் நிறப்பொருள்களையும் பல விகிதங்களிற் கலந்து அடுப்பிற் காய்ச்சினர். இப்பொருளின் இயல்பு பால்கோவா கிண்டுவோருக்கு எளிதில் விளங்கும். நுண்ணிய தூள் எண்ணெய்த்திரவத்தில் மிதக்கும்போது கலவை பால்போல் வெண்மையாயிருக்கும். வெப்பம் ஏறத்தாழ 350 பாகை பரனைற்றை எட்டியதும், தூள் திரவத்தை உறிஞ்சி ஒன்றாகி, கலவை தெளிந்து பாகாகும். அச்சில் வார்த்து ஆறவிட்டால் களிபோல் உறையும். பதம் தப்பினாற் கருகும். கருகினால் எழும் புகை நெஞ்சுக்குத் தீது. திரவத்தைக் கூட்டினால் புழு துவளும், குறைத்தால் விறைக்கும். அடுக்களைப் பக்குவந்தான், ஆனால் உண்பதற்கன்று.

1951ஆம் ஆண்டில் அப்புழுக்கள் தபால் மூலம் விற்பனைக்கு வந்தன. விலை ஐந்து புழு ஒரு டொலர். வாங்கியோர் கண்ட உண்மை இதுவே: பாஸ் இதனை உடனே துப்பவில்லை. வாய்க்குள் வைத்து மெல்லத் தலைப்பட்டது. அந்த ஓரிரு விநாடிகளே தூண்டிற்காரனுக்குப் போதுமானவை.

எனினும் ஒகாயோவில் தோன்றிய இப்புழு தன் முழுப்பெருமையை எய்தியது தெற்கிலேதான். 1933இல் தெனெசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை அமைக்கப்பட்டது முதல், தென்மாநிலங்களின் ஆறுகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைகட்டித் தடுக்கப்பட்டன. வெள்ளம் தடுக்கவும் மின்சாரம் பெறவும் எழுந்த அணைகள் அவை. வயலும் வீடும் காடும் நீரில் மூழ்கின, ஊரிழந்தோர் பலர். அவர்கள் இழந்த நிலமே பாஸுக்கு மாளிகையாயிற்று. வெட்டாது விடப்பட்ட மரங்கள் தண்ணீருக்குள் நின்றன. அவற்றின் கிளைகளிடையே அம்மீன் பதுங்கி வாழ்ந்தது. அந்தக் கிளைக்காட்டில் எறியும் தூண்டிலெல்லாம் சிக்கி அறுந்தது. கிரீம் தம் தொழிலை ரெக்சாஸ் மாநிலத்து ரைலர் நகருக்கு மாற்றியபின், அப்பகுதித் தூண்டிற்காரர் ஓர் உபாயம் கண்டனர். முள்ளைப் புழுவின் தலையிற் குத்தி வெளியே எடுத்துத் திருப்பி, அதன் கூரை மீண்டும் புழுவின் உடலுள்ளேயே மறைத்துவைத்தனர். முன்னே துப்பாக்கிக் குண்டு வடிவில் ஓர் ஈயம் நூலில் வழுகி ஓடும். கூர் மறைந்திருப்பதால் கிளையிற் கொளுவாது. மீன் பற்றியதும் தூண்டிற்காரன் வெட்டி இழுத்தால், மென்மையான உடலைக் கிழித்துக்கொண்டு கூர் வெளிவரும். இதனை ரெக்சாஸ் முறை என்பர். இரையின் மென்மை கண்டுபிடிப்பின் முற்பாதி என்றால், இம்முறை அதன் பிற்பாதி எனலாம்.

நீண்ட புழுவுக்குத் தம்பியாக வந்தது 'கிரப்'. எருக்குழியிற் சுருண்டு கிடக்கும் வண்டின் வெண்புழுவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. பருத்துக் குறுகிய உடல். முள்ளோடு சேர்த்து வார்த்த ஈயத்தலையிற் கோத்து எறிவர். தொடக்கத்தில் வால் தட்டையாயிருந்தது. 1970களின் தொடக்கத்தில் லூசியானா மாநிலத்து மிஸ்ரர் ருவிஸ்ரர் கம்பெனி அரிவாள்போல் வளைந்த மெல்லிய வாலைப் புகழ்பெறச் செய்தது. மெதுவாக இழுத்தாலும் அவ்வால் தானே துடிக்கும். அத்துடிப்பை மீன் கண்ணால் மட்டுமன்றி, விலாவில் ஓடும் உணர்கோட்டாலும் அறிகின்றது. கலங்கிய நீரிலும் கிரப் பயன்படுவதற்குக் காரணம் இதுவே. புழுவை மரக்கிளைகளிடையே ஆடவிட்டுக் காத்திருக்கப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். கிரப்பையோ சிறுபிள்ளையும் எறிந்து சுற்றி மீன் பிடிக்கும்.

இதற்கிடையே பொழுதுபோக்கு போட்டியாக மாறியது. அலபாமாவில் காப்புறுதி முகவராயிருந்த ரே ஸ்கொட், 1967ஆம் ஆண்டில் ஆர்க்கன்சாஸ் மாநிலத்துப் பீவர் ஏரியில் 106 பேரைச் சேர்த்துப் போட்டி நடத்தினார். அடுத்த ஆண்டிற் பாஸ் தூண்டிற்காரர் சங்கத்தை நிறுவினார். இவருடைய செயல்களுள் இரண்டு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. 1970இல் அலபாமாவின் ஆறுகளை மாசுபடுத்திய இருநூற்றுக்கு மேற்பட்ட தொழில்நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுத்தார். 1972இல், பிடித்த மீனைக் கொல்லாது உயிரோடு நிறுத்து மீண்டும் ஏரியில் விடவேண்டும் என்னும் முறையைத் தம் போட்டிகளிற் புகுத்தினார். பெரியின் மீன் சட்டிக்குப் போயிற்று. நாற்பது ஆண்டுகளின்பின் பரிசுபெற்ற மீன் ஏரிக்குத் திரும்பியது.

ஆனால் அதே ஏரியில் வேறொன்றும் தங்கிவிட்டது. மென்மையே இப்புழுவின் சிறப்பு. மென்மையான பொருள் எளிதிற் கிழியும். நாலைந்து மீன் பற்றினால் கிரப்பின் வால் அறும், தலை நெகிழும். கிழிந்ததைக் கழற்றித் தண்ணீரில் எறிந்துவிட்டு, பையிலிருந்து புதியதை எடுத்துக் கோப்பது பலரின் வழக்கமாயிற்று. மண்புழு அழுகும்; வைனைல் அழுகாது. அதனை நெகிழச்செய்யும் திரவம் சிறிது சிறிதாக நீரிற் கசியும். மெயின் மாநிலத்து மீன்வள ஆய்வாளர் இவ்விரைகளை ஓடைத்திரவுற்று மீன்களின்முன் இட்டுப் பார்த்தபோது, அவை விரும்பியே விழுங்கின. சில மீன்கள் வாரக்கணக்காக வயிற்றிலேயே வைத்திருந்து மெலிந்தன. 2013ஆம் ஆண்டில் அம்மாநிலச் சட்டசபையில் இவ்விரைகளைத் தடைசெய்யும் மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. தூண்டிற்காரரும் வணிகரும் திரண்டு எதிர்த்தனர். ஏரிகளின் தூய்மைக்காக வழக்காடிய மரபில் வந்தவர்கள், இம்முறை எதிர்த்தரப்பில் நின்றனர். தடை நிறைவேறவில்லை, விடயத்தை ஆராய்ந்து அறிக்கை தருமாறு மீன்வளத் திணைக்களம் பணிக்கப்பட்டது.

பழைய புழுக்களைச் சேகரித்து உருக்கி, அவற்றைக் கொண்டே புதிய புழு வார்ப்போர் இன்று அமெரிக்காவிற் பலர் உளர். வேண்டியவை ஒரு பாத்திரமும், அடுப்பும், அச்சும், பதமறிந்த கையும். கிரீம் தம்பதியர் 1949இல் தம் அடுக்களையிற் கொண்டிருந்தவையும் ஏறக்குறைய அவையே.