அடர்காட்டில் துவக்கும் குண்டும்

ஊர்காவற்றுறையில் யானைகள் கப்பலேறிய காலம் ஒன்றிருந்தது. வன்னிப் பெருங்காட்டில் உயிரோடு பிடிக்கப்பட்டு, ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு, வங்காளத்துக்கும் கோல்கொண்டாவுக்கும் அவை விலைபோயின. யாழ்ப்பாண மன்னர்க்கும், அவர்க்குப்பின் போர்த்துக்கேயர்க்கும் ஒல்லாந்தர்க்கும் அது பெருவருவாய். தோற்கயிற்றுச் சுருக்கை மட்டும் கையிற் கொண்டு காலடி பார்த்துச் சென்று யானையின் பின்காலை மரத்தோடு பிணைத்த பணிக்கர்களின் திறமையை வெள்ளையரும் வியந்து எழுதியுள்ளனர். அக்காலத்தில் யானைக்கு உயிர் இருந்தாற்றான் விலை.

ஆங்கிலர் ஆட்சியில் இந்நிலை தலைகீழாயிற்று. பயிருக்குக் கேடு என்று கூறி, கொன்ற யானைக்குத் தலைக்குச் சில சிலிங் வெகுமதி என அரசு அறிவித்தது. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்துள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்கு இவ்வெகுமதி பெறப்பட்டதாகச் சேர் எமேர்சன் டெனன்ற் குறித்துள்ளார். 1851 முதல் 1856 வரை காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையில் மேலும் 2,000. தந்தத்துக்காகக் கொன்றனர் என்று நினைப்பதற்கும் இடமில்லை. இலங்கை யானைகளில் நூற்றுக்கு ஒன்றிலேனும் தந்தம் இல்லை என்று அவரே எழுதுகிறார். வெகுமதி ஒருபுறமிருக்க, துரைமார்க்கு இது வெறும் விளையாட்டு. பதுளையிற் பதவி வகித்த மேஜர் றொஜேர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்பர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்ததை நியாயத் தீர்ப்பென்று சொல்வோர் இன்றும் உளர். நாம் அதற்குள் புகவில்லை. எம்முடைய கேள்வி வேறு. இத்தனை உயிரையும் எந்தக் கருவியாற் கொன்றனர்? அக்கருவியை எப்படித் தெரிந்தெடுத்தனர்?

அடர்காட்டில் வேட்டையாடுவோன் யானையைக் காணும் தூரம் பத்துப் பதினைந்து அடிவைப்பு. சில வேளை காது அசைவதும் வயிறு இரைவதுமே தெரியும், உடல் தெரியாது. ஆதலின் நெடுந்தூரம் குறி தவறாது சுடும் துவக்கால் அங்குப் பயனில்லை. முதல் வெடியிலேயே விலங்கை வீழ்த்தும் வலிமைதான் வேண்டும். யானையின் மண்டையோடோ பார்வைக்குத்தான் பாறை. உள்ளே தேன்கூடு போன்ற எலும்பறைகள். மூளை சிறிது, அதுவும் தாழ்ந்து பின்னாற் கிடக்கிறது. மென்மையான ஈயக்குண்டு அந்த எலும்பறைகளிற் பட்டுத் தட்டையாகி நின்றுவிட்டால், யானை அதிர்ந்து விழும், பின் எழும். எழுந்த யானை வந்த வழியே திரும்பும் என்பதற்கு உறுதி ஏது?

இதனை நன்கு ஆராய்ந்தவர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவிற் குடியேறி 1855 வரை இங்கு வாழ்ந்தவர். பின்னாளில் நைல் நதி ஆராய்ச்சியாற் புகழ்பெற்றவரும் இவரே. மின்னேரியாக் குளக்கரையில் எருமை வேட்டையின்போது இவருக்குக் கிடைத்த பாடம் சுவையானது. இலேசான துவக்கால் அடிபட்ட எருமை எதிர்த்து நின்றது. கைவசமிருந்த குண்டுகளோ தீர்ந்துபோயின. சட்டைப்பையிற் கிடந்த சில்லறைக் காசுகளைக் குழலில் இட்டு இடித்து, பாய்ந்துவந்த எருமையின் நெற்றியில் மிக அண்மையில் வெடித்தார். அது உருண்டது, மீண்டும் எழுந்தது, இவர் ஓடி உயிர் தப்பினார். அக்குளத்தைக் கட்டிய மகாசேன மன்னன் தன் கரையில் வெள்ளிக்காசு இப்படிச் செலவாகுமென்று கனவிலும் கருதியிருக்க மாட்டான்!

பேக்கரின் ஆயுதங்களை இன்று எண்ணினாலும் தோள் வலிக்கும். ஒன்று 21 இறாத்தல் நிறையுள்ள ஒற்றைக்குழல் றைபிள். அதன் குண்டு 4 அவுன்ஸ். மற்றொன்று 16 இறாத்தல். குண்டு 2 அவுன்ஸ். இவற்றோடு பத்தாம் இலக்க இரட்டைக்குழல் றைபிள்கள் நான்கு. பத்தாம் இலக்கம் என்பது ஓர் இறாத்தல் ஈயத்திற் பத்துக் குண்டு வார்க்கும் அளவுடைய குழல் என்பதாகும். இலக்கம் குறையக் குண்டு பெருக்கும் என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

அக்காலத்து வேட்டைக்காரர் பலர் உட்புறம் வழுவழுப்பான குழலையே விரும்பினர். விரைவில் மருந்திடலாம், பத்தடிவைப்பில் குறியும் பெரிதாகத் தவறாது. பேக்கர் இதற்கு உடன்படவில்லை. சுரியுள்ள றைபிளே வேண்டும் என்றார். ஆனால் அதிலும் ஓர் இடர் உண்டு. மருந்தை மிகுதியாக இட்டால், குண்டு சுரியைப் பற்றாமல் உரிந்துகொண்டு வெளியேறும். அதனாற்றான் இரண்டே சுரியுள்ள குழலும், அச்சுரியிற் பொருந்தும்படி இடுப்பிற் பட்டி வார்த்த உருண்டைக் குண்டும் பயன்பட்டன. ஈயத்தோடு வெள்ளீயம் அல்லது இரசம் கலந்து குண்டை வன்மையாக்கும் வழக்கமும் இருந்தது. எம் எண்ணப்படி, குழலின் பருமனிலும் இந்தக் கலப்பே முக்கியமானது. வன்மையற்ற நாலவுன்ஸ் அதிர்ச்சி தரலாம். மூளையை எட்டுவது வன்மையான குண்டே.

இனிப் புகை. கருமருந்தின் வெண்புகை வெளியிற் காற்றோடு போய்விடும். ஈரக்காட்டிலோ திரைபோலத் தொங்கி நிற்கும். சுட்டவன் குனிந்து புகைக்குக் கீழாற் பார்த்தாலன்றி, விழுந்தது யானையா, வருவது யானையா என்று அறியான். மறுபடி மருந்தும் குண்டும் இட்டு இடித்துத் தொப்பி வைக்கும் வரை யானை காத்திராது. ஆகவே இரட்டைக்குழலும், பின்னால் நிறைத்த துவக்குடன் நிற்கும் ஆளும் இன்றியமையாதவை. துரை சுட்டவுடன் கைநீட்ட, அடுத்த துவக்கு அக்கையில் இருக்க வேண்டும். வெடித்த துவக்குடன் துரை நிற்க, நிறைத்த துவக்குடன் ஆள் ஓடினால் கதை முடிந்தது. சுடும் உரிமையின்றி, கூலிக்காக அந்த இடத்தில் அசையாது நின்றவன் எம் நாட்டவன். துவக்கின் நிறையை அவுன்சு பிசகாது குறித்த வேட்டை நூல்கள், அதனைச் சுமந்தவர் பெயரை அவ்வளவு கவனத்தோடு குறிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலங்கையில் யானையின் நெற்றியிற் சுட்டு வெற்றி கண்ட பேக்கர், ஆபிரிக்காவில் அதே வித்தையைக் கைக்கொண்டு ஏமாந்தார். ஆபிரிக்க யானையின் மண்டை அமைப்பு வேறு. அங்கு அவர் கொண்டுசென்ற அரை இறாத்தல் வெடிகுண்டுத் துவக்கு, சுடும்போதெல்லாம் அவரையே காற்றாடிபோலச் சுழற்றியதாம்.

குழலின் பின்புறத்தில் ரவையிடும் துவக்குகள் வந்தபின் சுமை சிறிது குறைந்தது. எனினும் உண்மையான மாற்றம் 1898இல் நேர்ந்தது. புகையில்லா மருந்தாகிய கோடைற்றைக் கொண்டு றிக்பி கம்பனியார் .450 நைற்றோ எக்ஸ்பிறெஸ் என்னும் ரவையை வெளியிட்டனர். அதன் குண்டு 480 கிறெயின், அதாவது ஓர் அவுன்சுக்குச் சற்று மேல். பேக்கரின் பெருங்குண்டில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு! ஆயினும் செக்கனுக்கு 2,150 அடி வேகத்தில், உலோக உறை போர்த்துச் சென்றமையால், அது மண்டையை ஊடுருவியது. முழு உறையுள்ள குண்டு யானைக்கும் எருமைக்கும். நுனியில் ஈயம் தெரியும் குண்டு புலி, மரை போன்றவற்றுக்கு. இவற்றை மாறி இட்டவன் காயப்பட்ட விலங்கைத் தேடிப் புதருள் நுழைய நேரும்.

மவுசர் முறையிற் பல ரவை கொள்ளும் துவக்குகளும் வந்தன. .416 றிக்பி 1911இலும், .375 ஹொலண்ட் 1912இலும் தோன்றின. விலை மலிவு, ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டும், சத்தமும் எழும். இரட்டைக்குழலில் ஒரு விசை பழுதானாலும் மறுவிசை வேறாக நிற்கும். நீளமும் குறைவாதலின் முட்கொடியிற் சிக்காது. பத்தடிவைப்புக் காட்டுக்கு இரட்டைக்குழலே மேல் என்று கூறத் துணிவோம். பெல் என்னும் ஸ்கொத்லாந்தர் ஆபிரிக்காவிற் சிறிய .275 துவக்கால் நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றாரே எனில், அவர் யானையின் தலையை அறுத்துப் பார்த்துப் பயின்றவர். தலை தெளிவாகத் தெரியுமட்டும் காத்திருந்தவர். புதருக்குள் காது மட்டும் தெரியும் இடத்தில் அந்த வித்தையை எல்லோரிடமும் எதிர்பார்க்க இயலாது.

ஆனால் செம்மையான துவக்கு வந்தபோது சுடுவதற்கு எஞ்சியது எவ்வளவு? 1891ஆம் ஆண்டுச் சட்டம் யானை சுடுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது. 1937இல் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் வில்பத்துவும் யாலவும் தேசிய வனங்களாயின. பேக்கர் வேட்டைநாய்களோடு திரிந்த ஹோட்டன் சமவெளியில் இன்று யானை இல்லை.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடெங்கும் எண்ணப்பட்டவை 5,879. இவற்றுக்கு இன்று எதிரி இரட்டைக்குழலன்று, கட்டுத்துவக்கு. நீர்க்குழாய்த் துண்டிற் கருமருந்தும் இரும்புத்துண்டுகளும் அடைத்து, பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டி, பன்றியின் உயரத்துக்கு அதனை வைக்கின்றனர். அவ்வுயரத்தில் யானைக்கு இருப்பது முழங்கால். அடிபட்ட யானை உடனே விழுவதில்லை. காயம் சீழ்க்கட்ட, நொண்டி நொண்டிக் குளக்கரைக்கு வந்து, நீருக்குள் நாட்கணக்காக நிற்கிறது.