தொடுவானில் ஒரு புள்ளி

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள 'மெடூசாவின் தெப்பம்' என்னும் ஓவியத்தை, பத்திரிகைத் தொழிலில் ஊறிய நான் ஒரு செய்தியறிக்கையாகவே வாசிப்பதுண்டு. ஏறத்தாழ 5 மீற்றர் உயரமும் 7 மீற்றர் அகலமும் கொண்ட இவ்வோவியத்தை பிரெஞ்சு ஓவியர் தியோடர் ஜெரிக்கோ தீட்டி முடித்தபோது அவருக்கு வயது 27.

பிரித்தானியர் திருப்பிக் கையளிக்கவிருந்த செனகலைப் பொறுப்பேற்பதற்காக 1816 ஜூனில் புறப்பட்ட போர்க்கப்பலே மெடூசா. அதன் கப்டன் டுரோய் டி ஷோமரே இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடலோடாதவர். மன்னராட்சிக்கு அவர் காட்டிய விசுவாசமே அவருக்குப் பதவியைத் தேடித்தந்தது. ஜூலை 2ஆம் திகதி மேற்கு ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் ஆர்கன் மணல்திட்டில் கப்பல் தரைதட்டியது.

படகுகள் போதவில்லை. அவசரமாகக் கட்டிய தெப்பமொன்றில் ஏறத்தாழ 147 பேர் ஏற்றப்பட்டனர். அதனை இழுத்துச் செல்வதாக வாக்களித்த படகுகள் சிறிது நேரத்திலேயே கயிற்றைக் கைவிட்டுச் சென்றன. பட்டினி, தாகம், கலவரம் ஆகியவற்றோடு, இறந்தோரின் உடலை உண்ணும் அவலமும் நேர்ந்தது. 13 நாட்களின் பின், ஜூலை 17இல், ஆர்கஸ் என்ற கப்பல் கண்டெடுத்தபோது உயிரோடிருந்தோர் 15 பேர் மட்டுமே. அவர்களிலும் ஐவர் சில நாட்களில் மாண்டனர்.

அரசு மூடிமறைக்க விரும்பிய இக்கதையை வெளிக்கொணர்ந்தது பத்திரிகையே. தப்பிப் பிழைத்த மருத்துவர் சவிஞ்ஞி கடற்படை அமைச்சுக்கு எழுதிய அறிக்கை கசிந்து, 1816 செப்டெம்பரில் 'ஜூர்னல் தெ தேபா' என்ற பத்திரிகையில் வெளியாயிற்று. 1817இல் இராணுவ நீதிமன்றம் கப்டனுக்கு விதித்த தண்டனை மூன்றாண்டுச் சிறை மட்டுமே.

ஜெரிக்கோ தப்பியவர்களைச் சந்தித்தார். தெப்பத்தின் மாதிரியைச் செய்வித்தார். பிணவறைகளில் சடலங்களை வரைந்தார். ஆனால், மீட்கப்பட்ட கணத்தை அவர் தீட்டவில்லை. தொடுவானில் ஆர்கஸ் ஒரு புள்ளியாகத் தெரிந்த கணத்தையே தேர்ந்தார். அந்தப் புள்ளி அன்று கண்ணிலிருந்து மறைந்தும் போயிற்று. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னரே கப்பல் திரும்பி வந்தது. ஓவியத்தில் எல்லோருக்கும் மேலே ஏறி நின்று துணியை அசைப்பவர் ஒரு கறுப்பின மனிதர். பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை வைத்திருந்த காலத்தில் ஜெரிக்கோ அவரை அங்கே நிறுத்தினார்.

1819இல் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஓவியத்தின் தலைப்பு வெறுமனே 'கப்பற்சேதக் காட்சி' என்றிருந்தது. மெடூசா என்ற பெயர் அதில் இல்லை. ஆயினும், அது எந்தக் கப்பல் என்பதைப் பார்வையாளர் எவருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன்னரே பத்திரிகை அதனைச் சொல்லிவிட்டிருந்தது.