எட்டடி அகலம்

ஹோபி 16 என்ற பாய்மரப் படகின் நீளம் 5.04 மீட்டர், எடை 145 கிலோ, அகலம் 2.41 மீட்டர். பழைய கணக்கில் சொன்னால் ஏழடி பதினோரு அங்குல அகலம். இரண்டு ஒல்லியான மிதவைகள், அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள், நடுவே நீட்டிக் கட்டிய ஒரு துணி, அதன்மேல் பாய்மரம். அவ்வளவுதான் படகு. இந்த வகைப் படகுக்கு அகலம்தான் பலம். மிதவைகள் எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ அவ்வளவு காற்றைத் தாங்கும், சுலபத்தில் கவிழாது. அப்படியென்றால் ஏன் ஏழடி பதினோரு அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்? கடலில் இடமா இல்லை?

பதிலைச் சாலையில் போய்த்தான் தேட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1956இல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம், இன்டர்ஸ்டேட் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்குப் பொதுவாக 96 அங்குல அகலத்தை வரம்பாக வைத்தது. 96 அங்குலம் என்றால் எட்டடி. ஹோபி 16 அதைவிட ஒரே ஒரு அங்குலம் குறைவு. இதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அதே காலத்தில் அங்கே விற்ற பிரிண்டில் 16, நாக்ரா 5.2 போன்ற போட்டிப் படகுகளும் எட்டடியைத் தாண்டவில்லை. காருக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லரில் ஏறி, அனுமதிச் சீட்டு எதுவும் இல்லாமல் சாலையில் போக முடிகிற படகுதான் விற்கும்.

இந்த வகைப் படகுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் நம்முடையது. கட்டுமரம்தான் கட்டமரான் ஆனது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களை இந்தப் பெயரோடு குறிப்பிடுகிறார். ஆனால் அவர் எழுதியது மரக்கட்டைகளைப் பிணைத்த ஓடத்தைப் பற்றி. இரண்டு மிதவைப் படகு பசிபிக் தீவுகளின் மரபு. பெயர் தமிழிலிருந்தும் உருவம் பாலினீசியாவிலிருந்தும் போய் எங்கோ ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டன. 2023இல் பினாங்கில் ஓடத் தொடங்கிய புதிய ஃபெர்ரிகளையும் கட்டமரான் என்றுதான் சொல்கிறார்கள். அதில் ஏறிப் போகும் நம்மில் எத்தனை பேர் காலுக்குக் கீழே ஒரு தமிழ்ச் சொல் மிதப்பதை நினைத்திருப்போம்?

பெயரை விடுவோம். எனக்கு முக்கியமாகப் படுவது கட்டுமரத்தின் வேறொரு குணம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். கட்டைகளைத் தனித்தனியாகத் தோளில் தூக்கிப் போய் மணலில் காயப் போடுவார்கள். நீர் ஊறிய கட்டை கனக்கும், மிதக்காது. மறுநாள் திரும்பவும் கட்டு. கட்டுமரத்துக்குத் துறைமுகம் வேண்டாம், நங்கூரம் போட அமைதியான கழிமுகமும் வேண்டாம். அலை அடிக்கும் திறந்த மணற்கரை போதும், நாலு தோள் போதும்.

மேற்கில் கட்டமரான் வேறு விதமாகத்தான் தொடங்கியது. 1876இல் நதானியல் ஹெரெஷாஃப் கட்டிய ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை மிதவைப் படகு நியூயார்க் பந்தயத்தில் மற்ற படகுகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இது நம் வகைப் படகே இல்லை என்று ஆட்சேபித்து அதை விலக்கிவைத்தார்கள். படகோட்டம் அன்று கிளப்காரர்களின் உலகம். படகைத் தண்ணீரிலேயே நிறுத்திவைக்க இடமும், பார்த்துக்கொள்ள ஆளும், அதற்கெல்லாம் பணமும் உள்ளவர்களின் விளையாட்டு.

அந்த வேலியை உடைத்தவர் படகுக்காரர் இல்லை, அலைச்சறுக்குப் பலகை செய்பவர். கலிஃபோர்னியாவின் டேனா பாயிண்டில் 1954இல் கடை திறந்த ஹோபி ஆல்ட்டர், கனமான பால்சா மரத்துக்குப் பதில் நுரையில் பலகை செய்யத் தொடங்கியவர்களில் ஒருவர். பலகை இலேசானதும் அதைத் தூக்க முடியாதவர்கள்கூடக் கடலுக்கு வந்தார்கள். சறுக்குபவன் தன் கலத்தைத் தினமும் வீட்டிலிருந்து கொண்டுவந்து தினமும் திரும்ப எடுத்துப் போகிறவன். ஆல்ட்டர் அந்தக் கண்ணோடு படகைப் பார்த்தார். 1968இல் ஹோபி 14 வந்தது, சுமார் 109 கிலோ. ஹோபி 16 அதற்கடுத்து. மிதவைகள் வாழைப்பழம்போல வளைந்தவை, உள்பக்கம் ஒரு விதம், வெளிப்பக்கம் ஒரு விதம். அதனால் பக்கவாட்டில் நழுவாமலிருக்க நீருக்குள் இறக்கும் பலகை தேவைப்படவில்லை. நேராக மணலில் ஏற்றி நிறுத்தலாம். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. கட்டுமரத்தின் பெயரை மட்டுமே வாங்கியிருந்த படகு, யாரும் திட்டமிடாமலே அதன் குணத்தையும் வாங்கிக்கொண்டது என்று நான் சொல்வேன். தோள் இருந்த இடத்தில் டிரெய்லர் வந்தது, அதுதான் வித்தியாசம்.

அந்த டிரெய்லரை எப்படித் தேர்ந்தெடுப்பது? கேட்க எளிதான கேள்வி. பெரும்பாலானவர்கள் செய்தது, கையில் கிடைத்த மோட்டார் படகு டிரெய்லரைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது. கனமாக, முரடாக இருந்தால் பத்திரம் என்று தோன்றும். கட்டமரான் விஷயத்தில் அது தலைகீழ். 500 கிலோவைத் தாங்கச் செய்த பட்டை ஸ்பிரிங் 145 கிலோவுக்கு அசையவே அசையாது. சாலையில் ஒரு குழி வந்தால் அந்த அடி முழுக்க மிதவைக்குப் போகும். மிதவையோ மெல்லிய கண்ணாடியிழைத் தோல், நடுவில் நுரை. குதித்துக் குதித்து, தாங்கும் இடத்தில் விரிசல் விடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கழற்றிவிடுவார்கள், அல்லது தொடக்கத்திலேயே குறைந்த எடைக்கான அச்சை வாங்குவார்கள். மிதவையைத் தாங்கும் தொட்டில்களையும் கண்ட இடத்தில் வைக்கக்கூடாது. குறுக்குச் சட்டம் மிதவையில் இறங்கும் கால்களுக்கு அருகில், படகு உறுதியாக இருக்கும் இடத்தில்தான் வரவேண்டும்.

அடுத்த தலைவலி நீளம். படகு ஐந்து மீட்டர், படுக்கவைத்த பாய்மரம் எட்டு மீட்டர். ஆக, டிரெய்லரின் முன்தண்டு நீண்டு, அதன் நுனிப்பக்கம் பாய்மரத்தைத் தாங்க ஒரு கம்பம் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் பாய்மரம் ஒன்று காரின் கூரையில் இடிக்கும், அல்லது பின்னால் ஆபத்தாக நீட்டிக்கொண்டு போகும். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் அழுந்துமாறு அச்சை வைக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும். குட்டிச் சக்கரங்கள் பார்க்க அழகு, ஆனால் நெடுஞ்சாலையில் பெரிய சக்கரத்தைவிட அதிகச் சுற்று சுற்றி பேரிங் சூடாகும். துத்தநாகம் பூசிய இரும்பா, அலுமினியமா என்பது பாதி பணப்பை பதில் சொல்லும் கேள்வி. இதிலெல்லாம் ஒரு வேடிக்கை, படகைவிட டிரெய்லரே கனமாகிவிடுவதுண்டு.

இலேசான படகுக்கு இன்னொரு வசதியும் உண்டு. டிரெய்லரை உப்புநீரில் இறக்கவே வேண்டாம். நாலு பேர் தூக்கி, காற்றடைத்த பருத்த மணல் சக்கரங்களில் வைத்துத் தள்ளினால் போதும். மீண்டும் நாலு தோள்.

சாலை விதித்த அகலத்தை மதிக்காத படகும் இருந்தது. 1967இல் இங்கிலாந்தின் ரோட்னி மார்ச் வடிவமைத்த டொர்னாடோ மூன்று மீட்டருக்கும் மேல் அகலம். வேகத்துக்காகவே பிறந்தது. 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் ஓடியது. அதைக் கொண்டுபோக வேண்டுமென்றால் குறுக்குச் சட்டங்களைக் கழற்றிப் பிரிக்க வேண்டும், அல்லது படகையே ஒருபக்கமாகச் சாய்த்து நிறுத்தும் தனி டிரெய்லர் வேண்டும். பிரித்துக் கட்டும் விஷயத்தில் இதுதான் கட்டுமரத்துக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிநேரம் ஓட்டிவிட்டு வரலாம் என்று நினைப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. பிறகு 1982இல் அமெரிக்கச் சட்டம் மாறி, லாரிகளுக்கான வரம்பு 102 அங்குலமானது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எட்டரையடி அகலத்தில் பிரிண்டில் 19 போன்ற புதிய படகுகள் கடலில் இருந்தன.

டிரெய்லர் வாங்கிக் கொடுத்த சுதந்திரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. கிளப் படகின் பாய்மரம் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். டிரெய்லர் படகின் பாய்மரத்தை ஒவ்வொரு முறையும் கரையில், பெரும்பாலும் கார் பார்க்கில்தான் நிமிர்த்த வேண்டும். நிமிர்த்திய பிறகு படகைத் தண்ணீர்வரை தள்ளிப் போக வேண்டும். எட்டு மீட்டர் அலுமினியக் குழாய், மேலே மின்கம்பி. தள்ளிப் போனவர்கள் பாய்மரம் கம்பியில் பட்டு, நனைந்த மணலில் வெறுங்காலோடு நின்றபடி மின்சாரம் தாக்கி இறந்தார்கள். கடலுக்குள் காலே வைக்காமல் நடந்த படகு விபத்துகள் இவை. வழக்குகள் வந்தன. 1980களில் நிறுவனம் பாய்மரத்தின் மேல்பகுதியை மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழையில் செய்யத் தொடங்கியது. அதற்கு முன் செய்த படகுகள் சில இன்னும் டிரெய்லர்களில் ஏறிக் கடற்கரைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, நுனிவரை அலுமினியப் பாய்மரத்தோடு.